டிரைவர்களுக்கு வரும் சூடு

ஒரு சாயங்காலம் கண்டக்டர் எங்கள் வீட்டுக்கு வந்து காலி டிபன் கேரியரை என் கையில் கொடுத்துவிட்டு, போகாமல் நின்றார். என் வீட்டுக்காரர் கடலூர் சிதம்பரம் ரூட்டில் தனியார் பஸ் டிரைவர். இவர் அதே வண்டியில் கண்டக்டர்.

“கத்திரிக்கா கொழம்பு நல்லா இருந்துச்சி அண்ணி,” என்றார்.

“அத உங்க அண்ணன் சொல்லணும்.”

“அவரு எங்க சாப்புடுறாரு? ரெண்டு மூணு மாசமா உங்க சாப்பாட்ட நான்தான் சாப்புடறேன். பாருங்க, தொப்ப போட்டுடுச்சி.” சிரிக்க ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “சாப்புட்டா வழியில வயிறு கலக்குதாம். போனா ரத்தமா போவுதாம். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. நேத்து முட்லூர்கிட்ட கண்ணு இருட்டுதுன்னு வண்டிய ஓரம் கட்டிட்டாரு. பயந்துட்டேன் அண்ணி. அதான் வந்தேன்.”

ரத்தம் என்ற சொல்லே எங்கள் வீட்டில் அதுவரை வந்ததில்லை. என் வீட்டுக்காரர் என்னிடம் சொல்லியிருந்தது சூடு என்பது மட்டும்தான்.

பஸ் ஓட்டுகிறவர்களுக்கு மூலம் வரும் என்பது எங்கள் பக்கத்தில் சந்தேகத்துக்கே இடமில்லாத விஷயம். எஞ்சினை ஒட்டி உட்கார்ந்தால் உடம்பு சூடேறும், சூடு கீழே இறங்கும். ஸ்டாண்டில் எந்த டிரைவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார், கூடவே ஒரு வைத்தியமும் சொல்வார். துத்திக்கீரை, கருணைக்கிழங்கு, மோரில் ஊறவைத்த வெந்தயம், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். எல்லாம் செய்தோம். ஆள் பாதியாக இளைத்தார். கேட்டால் வெயில் என்றார். கடலூரில் இருந்துகொண்டு வெயில் இல்லை என்று யார் சொல்ல முடியும்? டிரைவர் என்றால் மூலம்தான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. டாக்டரிடம் காட்டு என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

அன்று அவர் வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “யாரு சொன்னது?” என்றுதான் முதலில் கேட்டார். அடுத்த வாரம் சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். கேமரா விட்டுப் பார்த்தார்கள். டாக்டர் கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினார். மீன் செவுள் மாதிரி சிவந்து, அங்கங்கே வெள்ளையாகப் பொத்துப்போய் இருந்தது. அது என் புருஷனின் குடல் என்று புரிய எனக்கு நேரம் பிடித்தது.

“மூலம் இல்லம்மா. பெருங்குடல்ல புண்ணு. உடம்போட எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்குது.”

“எப்ப சரியாவும்?”

“அடக்கி வைக்கலாம். அடியோட போகாது. சுகருக்குப் போடற மாதிரி தொடர்ந்து மாத்திரை போடணும். ரத்தம் நின்னுடுச்சேன்னு நிறுத்திடக் கூடாது. பட்டினி கிடக்கவே கூடாது.”

காரத்தாலா, டீயாலா, எஞ்சின் சூட்டாலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அதெல்லாம் காரணம் இல்லை, யார் மேலேயும் தப்பில்லை என்றார் டாக்டர். எனக்கு அதுதான் தாங்கவில்லை. தப்பு செய்த ஆள் ஒருத்தர் இருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன். என் வீட்டுக்காரர் மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நோய் யாருக்கோ வந்த மாதிரி.

நாத்தனார் போன் செய்தார். “எல்லா டிரைவருக்கும் இருக்கறதுதான? பண்ருட்டில ஒருத்தர் மூலத்துக்குப் பொடி குடுக்கறாராம்.”

“மூலமே இல்லன்னு படம் காட்டிச் சொல்றாங்க. இல்லாத மூலத்துக்கு எதுக்கு அண்ணி பொடி?” என்றேன். போனை வைத்துவிட்டார். வைக்கட்டும்.

மாத்திரையில் ரத்தம் குறைந்தது. வேலைக்குப் போகலாம், அவசரம் வந்தால் வண்டியை நிறுத்திவிட்டுப் போய்விட வேண்டும், அடக்கக் கூடாது என்றார் டாக்டர். இவர் அதற்குத்தான் ஒப்பவில்லை.

“பாசஞ்சர்கிட்ட இன்னான்னு சொல்றது? அசிங்கம். சாப்புடாம ஓட்டிட்டா ஒண்ணும் வராது.”

“பசில மயங்கி வண்டிய வாய்க்கால்ல வுடுவியா மாமா? வண்டி நெறைய சனம் இருக்குது. அது அசிங்கம் இல்லியா?”

அவர் என் அத்தை மகன். சின்ன வயதிலிருந்து மாமாதான், நீதான். அதனால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்று இன்னும் நிறையப் பேசினேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். மறுபடி பட்டினியாகத்தான் ஓட்டப்போகிறார் என்று தெரிந்துபோயிற்று.

அவர் வேலைக்குத் திரும்பிய நாள் நானும் வண்டி ஏறினேன். கடலூர் ஸ்டாண்டிலேயே என் கண் முன்னால் இட்லி சாப்பிட வைத்து, முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். கண்டக்டர் எனக்கும் டிக்கெட் கிழித்தார். “ஓனர் சொந்தக்காரங்களுக்குத்தான் ப்ரீ அண்ணி,” என்றார்.

புதுச்சத்திரம் தாண்டியதும் என் வீட்டுக்காரரின் பின்கழுத்து வேர்த்தது. கியரைப் பிடித்த கை இறுகியது. ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. வண்டி அதைத் தாண்டிவிடும் என்றே நினைத்தேன். ஓரமாக ஒதுங்கி நின்றது.

“இன்னா டிரைவரே, டீ கேக்குதா? எனக்குக் கோர்ட்ல வாய்தா,” என்றார் பின்னாலிருந்து ஒருவர். “சம்பளம் வாங்கிக்கினு ஊர்கோலமா வுடுறீங்க?”

நான் எழுந்துவிட்டேன். அந்த ஆளைக் கிழிக்க வார்த்தையெல்லாம் தயாராக இருந்தது. அதற்குள் இவர் படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினார்.

“டீ இல்ல சார். கொடல்ல புண்ணு. ரத்தமா போவுது. அடக்க முடியாது. போயிட்டு வந்துடறேன்.”

சொல்லிவிட்டு இறங்கி நடந்தார்.

நான் உட்கார்ந்துவிட்டேன். ரத்தத்தைக் கண்டக்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன். புண்ணை டாக்டர் சொன்னார். இவர் வாயிலிருந்து இந்த இரண்டு சொல்லையும் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என்னிடம் சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஒரு பஸ் ஜனத்திடம் சொன்னார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இவர் முகம் கழுவி, ஈரத்தோடு திரும்பி வந்தார். யாரையும் பார்க்காமல் சீட்டில் ஏறினார்.

“மெதுவாவே போங்க,” என்றார் கோர்ட்டுக்குப் போகிறவர்.

இவர் மெதுவாகப் போகவில்லை.