ஒன்பதாவது சாக்கு

ஜனவரி பதினேழு, சனிக்கிழமை, காலை ஏழு மணி நாற்பது. வெளியே மைனஸ் இருபத்தாறு, வடமேற்குக் காற்று. கனடாவில், கர்க்லாண்டில் மகள் வீட்டில் புகை வந்தால் அலறும் கருவிகள் ஆறு. ஆறையும் பார்த்த பிறகுதான் தேநீரைக் கையில் எடுத்தேன். மகள், யாரும் மூட்டாத கணப்பைக் காட்டி, "அப்பா, இதுக்குள்ளால குளிர் அடிக்குது. உந்தப் பழைய போர்வையைப் புகைவழிக்குள்ள மேல அடைச்சு விடுங்கோ" என்றாள்.

"மாட்டன்!"

"ஏன் இப்பிடிப் பதறுறீங்கள்?"

தேநீரில் பாதி உடுத்திருந்த சாரத்தில் கொட்டிவிட்டது. சிரிக்காதீர்கள், காரணம் உண்டு.

அவளுடைய தாயைக் கனடாவுக்கு அழைக்க நான் அலைந்த காலத்தில், இங்கே நகர நடுவில் உள்ள மலையடிவாரத்துக் கல்வீடு ஒன்றில் வேலை பார்த்தேன். ஆங்கிலேய வணிகர் ஒருவர் கட்டியது. சுவர் இரண்டு அடி ஐந்து அங்குலக் கனம், அளந்தது நான். யன்னல்களின் கீழே ஆள் உட்காரும் ஆழம். யன்னலின் மரக் கதவுகள் பகலில் மடிந்து சுவருக்குள் ஒளிந்துகொள்ளும். முன்படிக்கட்டு வளைந்து ஏறும், இருபத்திரண்டு படி. வேலைக்காரருக்குப் பின்னால் வேறு படிக்கட்டு, பத்தொன்பது. உயரம் ஒன்றுதான்; மூன்று படிகளின் மிச்சம் எங்கள் முழங்காலில் பிடித்தது. வரவேற்பறை சீலிங்கில் சாந்தில் வார்த்த திராட்சைக் குலைகள். பழங்களை எண்ணத் தொடங்கி, கழுத்து வலித்து, நூற்றுப்பத்தில் விட்டேன்.

கணப்புகள் ஒன்பது. முதற் குளிர்காலத்தில் வீட்டுக்கார அம்மா புளோரிடா போய்விட்டார். ஒன்பது புகைவழிகளாலும் காற்று இறங்கியது. தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தால் வேலை போகும். வேலை போனால், மனைவியை அழைக்க அம்மா கையெழுத்திட்டுத் தரவேண்டிய வேலைக் கடிதமும் போகும். ஓட்டை என்றால் அடைப்பதுதான் எனக்குத் தெரியும். ஒன்பது அரிசிச் சாக்குகளில் பத்திரிகைத் தாளைத் திணித்து, கூட்டும் தும்புத்தடியால் புகைவழிகளில் மேலே தள்ளினேன். வீடு சூடானது. பெருமையாகக்கூட இருந்தது.

மார்ச்சில் ஒரு நாள் நாலரைக்கு விமான நிலையத்திலிருந்து அம்மாவின் தொலைபேசி. ஐந்து மணிக்கு வருகிறாராம், கணப்பு மூட்ட விறகு வைக்க வேண்டுமாம். அறை அறையாக ஓடிச் சாக்குகளை இழுத்தேன். எங்கோ ஓர் அறையில் கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. முன்பே எடுத்துவிட்டேன் என்று நினைத்து அடுத்ததற்கு ஓடினேன். நிலவறையில் போட்டு எண்ணினால் எட்டு. மூன்று தரம் எண்ணினேன். எட்டு. எந்த அறை? நினைவில்லை. மணி நாலு ஐம்பத்திரண்டு.

இந்த வேலையை எடுத்துத் தந்த ராசு அண்ணை நகரின் மறுபக்கம், செயின்ட்-மிஷேலில் இருந்தார். அவருக்கு அழைத்தேன்.

"அண்ணை, ஒரு சாக்கு மேல நிக்குது. அவவிட்டைச் சொல்லட்டோ?"

"கடிதத்தில கையெழுத்து வைச்சிட்டாவோ?"

"இன்னும் இல்லை."

"அப்ப வாயைப் பொத்தும். ஒன்பதில ஒண்டுதானே, கணக்குப் புலி! எட்டு உம்மடை பக்கம்."

பொத்தினேன். ஐந்து மணிக்கு வந்த அம்மா தொப்பியைக்கூடக் கழற்றாமல் நேரே வரவேற்பறைக்குப் போய்த் தீக்குச்சி கிழித்தார். நாலு நிமிடம் ஒன்றுமில்லை. ஐந்தாவதில் புகை கீழே திரும்பி, அறையை நிறைத்து, திராட்சைக் குலைகளைக் கறுப்பாக்கியது. வாளித் தண்ணீரால் அணைத்தேன். இருமிக்கொண்டே யன்னலைத் திறந்தவர் ஒன்றுதான் கேட்டார்: தெரிந்துகொண்டா பார்த்து நின்றாய்? ஆம் என்று தலையாட்டினேன். பொய் சொல்லக்கூட மூச்சு வரவில்லை.

மறுநாள் காலை சமையலறை மேசையில் இரண்டு தாள்கள். ஒன்று, அம்மா கையெழுத்திட்ட வேலைக் கடிதம். மற்றது, சீலிங் கழுவும் ஆளின் பில். வாரம் இருபது டொலர் என் சம்பளத்தில் கழியும் என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அதன்பின் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தீக்குச்சி கிழிப்பார்.

அவர் இறந்து, வீடு கைமாறியது. போன ஒக்டோபரில் போய்ப் பார்த்தேன். வீதிப்பக்கக் கல்முகம் மட்டும் நிற்கிறது. அதன் பின்னால் பதினான்கு மாடிக் கண்ணாடிக் கட்டடம். பழைய படிக்கட்டு ஏதும் மிச்சமுண்டா என்று காவலாளியிடம் கேட்டேன். பிரெஞ்சில் ஏதோ சொல்லிக் கையை விரித்தான். மடியும் கதவுகளும் ஒன்பது கணப்புகளும் போய்விட்டன. திராட்சைக் குலைகளும் இடிபாட்டு லொறியில்தான் போயிருக்கும். அவற்றைக் கழுவ நான் பதினொரு வாரம் கட்டியது, இருநூற்று இருபது டொலர்.