ஒன்பதாம் மட்டத்தின் விலை

நெவில் ராடிச் காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் தங்கம் விலை பார்ப்பார். பல்லே பாதிதான் மிச்சம் என்பதால் இதைப் பெரிய தியாகம் என்று சொல்ல முடியாது.

ஆஸ்திரேலியாவின் தங்கச் சுரங்க ஊரான கல்கூர்லியில் எல்லாரும் தங்கம் விலை பார்ப்பவர்கள்தான். கசாப்புக் கடைக்காரர்கூட ஆட்டுத் தொடையைத் தராசில் போட்டுவிட்டு ஒரு கண்ணால் பார்ப்பார். ஆனால் நெவில் மாதிரி யாரும் பார்த்ததில்லை. அமெரிக்காக்காரன் வட்டியை ஏற்றினானா, நம் டாலர் சரிந்ததா, டீசல் என்ன விலை, எல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருக்கும். எங்கேயாவது சண்டை மூண்டால் தங்கம் ஏறும். அன்றைக்கு அவர் முகம் கொஞ்சம் மலரும். உடனே செய்தியில் அழுகிற பெண்களைப் பார்த்து வெட்கப்பட்டுத் தொலைக்காட்சியை அணைத்துவிடுவார்.

அறுபத்தெட்டு வயது. கல் நொறுக்கும் இயந்திரத்தோடு முப்பது வருடம் நின்றதில் இடது காது போய்விட்டது. கல்யாணம் ஆகவில்லை. சம்பாதித்ததெல்லாம் 'த்ரீ குரோஸ்' என்ற ஒரே சுரங்கக் கம்பெனியின் பங்குகளில் கிடந்தது.

"வாய்யா கோடீஸ்வரா, இன்னைக்காவது ரெண்டாவது கிளாஸ் குடிப்பியா?" என்பாள் மதுக்கடை நோரீன்.

"ரெண்டாவது குடிச்சா பங்கு வாங்கக் காசு ஏது?"

"அந்த ஓட்டைக் கம்பெனிப் பங்கா? நாப்பது காசுலேர்ந்து நாலு காசுக்கு வந்துச்சு. அப்பவும் வாங்கினியே! பைத்தியக்காரன்கூட ஒரு தடவை யோசிப்பான்."

"பங்கு விலையை விடு நோரீன். கல்லுல எத்தனை கிராம் இருக்கு, அதை வெளிய எடுக்க என்ன செலவு. இந்த ரெண்டைத்தான் பாக்கணும்."

"சரி, நீ போனப்புறம் அந்தக் காகிதத்தையே உன் மேல போத்தி விடறேன்."

கடையே சிரிக்கும். நெவிலும் சிரிப்பார். அவர் ஏன் வாங்குகிறார் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தவர்களில் பாதிப் பேர் செத்துப்போனார்கள், மீதிப் பேர் வேறு சுரங்கம் தேடிப் போய்விட்டார்கள்.

த்ரீ குரோஸ் வாங்கிப் போட்டிருந்த பழைய சுரங்கத்தில் ஒன்பதாம் மட்டம் என்று ஆழத்தில் ஓர் அடுக்கு உண்டு. முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் அங்கே கூரை சரிந்தது. உள்ளே இருந்தது நெவிலின் தம்பி மிர்கோ. வயது இருபத்து நான்கு. பதினோரு நாள் தோண்டினார்கள். பிறகு தண்ணீர் ஏறியது. அன்றிருந்த முதலாளிகள் தொப்பியைக் கழற்றி நின்றுவிட்டு, குழிவாயில் கான்கிரீட் போட்டு மூடினார்கள். கல்லறைத் தோட்டத்தில் மிர்கோ பெயரில் ஒரு கல் இருக்கிறது. அம்மா கடைசிவரை அதற்குப் பூ வைக்கவில்லை. "ஆளில்லாத வீட்டுக்கு எதுக்குடா பூ?" என்பாள்.

ஒன்பதாம் மட்டத்தில் ஒரு டன் கல்லுக்கு இரண்டரை கிராம் தங்கம் உண்டு. அந்தக் காலத்து விலைக்கு அது குப்பை. ஆனால் விலை ஏற ஏற, கல் அதே கல்லாகக் கிடந்தபடியே தங்கக் கல்லாகிவிடும். நெவில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஓர் அவுன்ஸ் மூவாயிரத்து எண்ணூறு டாலரைத் தாண்டினால், மூளையுள்ள எவனும் தண்ணீரை இறைத்துக்கொண்டு கீழே இறங்குவான். இறங்கினால் மிர்கோ கிடைப்பான்.

அவ்வளவுதான் அவருடைய முதலீட்டுத் திட்டம்.

பங்கு கையில் இருந்தால் ஆண்டுக் கூட்டத்தில் கேள்வி கேட்கலாம். வருடா வருடம் நவம்பரில் கோட்டு மாட்டிக்கொண்டு பெர்த்துக்கு ரயிலேறுவார். அவர் எழுந்ததுமே தலைவர் க்ளைவ் ஹாலோரன், "சொல்லுங்க நெவில், ஒன்பதாம் மட்டம்தானே?" என்பார். கூட்டம் சிரிக்கும். நெவில் கிராமையும் செலவையும் சொல்லிவிட்டு உட்காருவார்.

மிர்கோவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சுரங்கம் இரண்டு கை மாறியதில் பழைய காகிதங்கள் தொலைந்திருந்தன. உள்ளே ஆள் கிடக்கிறான் என்று தெரிந்தால் வக்கீல் வருவான், போலீஸ் வரும், கம்பெனி அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காது. தம்பிக்காக எவனும் தோண்ட மாட்டான், தங்கத்துக்காகத் தோண்டுவான் என்று அவர் நம்பினார். அந்த ஊரில் வளர்ந்தவர் வேறெப்படி நம்புவார்?

ஒரு வியாழக்கிழமை விலை மூவாயிரத்து எண்ணூறைத் தாண்டியது. அன்றைக்கு மதுக்கடையில் இருந்த எல்லாருக்கும் நெவில் ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுத்தார். நோரீன் அவர் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் பார்த்தாள்.

மூன்று வாரம் கழித்துத் தபாலில் ஒரு தடிமனான புத்தகம் வந்தது. விலை ஏறியது நெவிலுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இல்லையே. ஒரு பெரிய கம்பெனி த்ரீ குரோஸை மொத்தமாக வாங்கப்போகிறதாம்.

"உன் பங்குக்கு எட்டு மடங்கு விலைய்யா! பைத்தியம் நீயில்ல, நான்தான்!" என்று நோரீன் கவுண்டரைத் தட்டினாள்.

நெவில் நூற்று நாற்பதாம் பக்கத்து வரைபடத்தில் விரலை வைத்தபடி இருந்தார். புதுக் குழி வடக்கே வருகிறது. பழைய குழிவாய் இருக்கும் இடத்தில் 'கழிவுக்கல் மேடு, அறுபது மீட்டர்' என்று போட்டிருந்தது.

பெர்த்தில் கடைசிக் கூட்டம். கம்பெனியை விற்க முக்கால்வாசி ஓட்டு சரி என்றால் போதும், வேண்டாம் என்றவன் பங்கும் சேர்ந்தே போய்விடும். நெவில் எழுந்தார்.

"ஒன்பதாம் மட்டம்தானே நெவில்?" ஹாலோரன் சிரித்தார்.

"ஆமா. அங்க என் தம்பி இருக்கான்."

கூட்டத்தில் யாரோ சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார்கள். நெவில் எல்லாவற்றையும் சொன்னார். சொல்ல நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

ஹாலோரன் கண்ணாடியைக் கழற்றினார். "இதை ஏன்யா இத்தனை வருஷமா சொல்லல? போன வருஷம் தண்ணிய எறைச்சுப் பாக்கலாமான்னு ஒரு யோசனை வந்துச்சு. போர்டுல பாதிப் பேர் சரின்னாங்க. பாதிப் பேர் லாபம் பத்தாதுன்னாங்க. தள்ளி வச்சுட்டோம். இது தெரிஞ்சிருந்தா..."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். ஓட்டெடுப்பு நடந்தது. தொண்ணூற்று மூன்று சதவீதம் சரி என்றது. அடுத்த மாதம் நெவிலின் வங்கிக் கணக்கில் பணம் விழுந்தது. புதுக் கம்பெனியின் கூட்டத்தில் கேள்வி கேட்க அவருக்கு இடமில்லை.

மேடு கொட்ட ஆரம்பிக்கும் நாளன்று ஒரு தடவை உள்ளே விடச் சொல்லி எழுதிக் கேட்டார். சரி என்று பதில் வந்தது. சுரங்க வாசலில் டெகன் என்ற பெண் தலைக்கவசமும் பார்வையாளர் படிவமும் கொடுத்தாள். பெயர், முகவரி. அதற்குக் கீழே, 'யாரைப் பார்க்க வந்திருக்கிறீர்கள்?' நெவில் எழுதிக் கொடுத்தார்.

அவள் கணினியில் தட்டினாள். "மிர்கோ ராடிச்... இந்தப் பேர்ல இங்க யாரும் வேலை பாக்கலையே."

"பழைய ஆளும்மா."

"ஓ. எந்த வருஷம் வேலைய விட்டாரு?"

"இன்னும் விடல."

டெகன் திரையைப் பார்த்தாள். பிறகு படிவத்தில் இருந்த இரண்டு பெயர்களையும் பார்த்தாள். அவள் மேற்கொண்டு எதையும் தட்டவில்லை. ரேடியோவை எடுத்து, "வண்டிங்க எல்லாம் அங்கயே நில்லுங்க, நான் சொல்ற வரைக்கும்" என்றாள்.

முதல் லாரி அன்று முக்கால் மணி நேரம் கழித்துத்தான் கொட்டியது.