சாக்பீஸில் போட்ட நான்கு

வெல்டிங் சொல்லித்தரும் வேலையில் கண்ணைக் காப்பாற்றக் கண்ணாடி உண்டு. மார்க் போடும்போது மானத்தைக் காப்பாற்ற ஒன்றும் கிடையாது. வாத்தியார் வேலை பார்த்து நொந்தவர்களுக்கு இது புரியும்.

அரியலூரில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் இருக்கிறேன். இந்த வருடம் ஒரு வழக்கம் வைத்தேன்: நான் மார்க் போடுவதற்கு முன்பே, வெல்டிங் செய்தவர் தான் ஒட்டிய இரும்புத் தகட்டில் பத்துக்கு எத்தனை என்று சாக்பீஸால் எழுதிவிட வேண்டும்.

எல்லாருக்கும் பத்து

முதல் நாள் எல்லாத் தகட்டிலும் பத்து. என் வகுப்பில் இத்தனை மேதைகள் இருப்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. விக்கிரமங்கலம் மணிகண்டனின் தகட்டில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. “இதுக்கும் பத்தாடா?” என்றேன். திருப்பிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னான்: “ஓட்டைய விட்டுட்டுப் பாருங்க சார், மத்ததெல்லாம் நல்லாத்தான் வந்திருக்கு.”

ஒன்பதும் நான்கும்

போகப் போக எண்கள் இறங்கி நியாயத்துக்கு வந்தன. செந்துறையிலிருந்து வரும் கனிமொழிதான் என்னை மடக்கினாள். அது வருடத்தின் கடைசித் தகடு. ஒரு சிமெண்ட் ஆலை வேலைக்கு ஆள் எடுக்க எங்கள் மார்க்கைக் கேட்டிருந்தது. இதில் நல்ல மார்க் வந்தால் அவள் பெயர் பட்டியலில் ஏறிவிடும். தையல் போட்டதுபோல அழகான வெல்டிங். ஒன்பது என்று முடிவு செய்துவிட்டேன். சாக்பீஸில் இருந்ததோ நான்கு.

“முதல் லேயர்ல கசடைச் சரியா தட்டி எடுக்கல சார். மேல மூடிட்டேன்” என்றாள். அறுத்துப் பார்த்தோம். உள்ளே கசடு சிக்கிய கறுப்புக் கோடு; பாரம் ஏறினால் அங்கேதான் விரிசல் விடும். என் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் மனசு கேட்காமல், “வேலை விஷயம்மா, ஒன்பதே இருக்கட்டும்” என்றேன். அப்படிச் சொன்னதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன். அவள் கோபப்படவில்லை. “அங்க நான் ஒட்டவச்ச பைப்புக்குக் கீழ ஆளு நடப்பாங்கல்ல சார்.”

அப்பா வந்தார்

நான்கையே பதிந்தேன். பட்டியல் அவள் பெயர் இல்லாமல் போனது. ஆலை அடுத்து ஆள் எடுக்க இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். மறுவாரம் அவள் அப்பா, கடலைக்காட்டு வேலையைப் போட்டுவிட்டு பஸ் ஏறி வந்து நின்றார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அறுத்த தகட்டைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அந்தக் கறுப்புக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

“நீங்க முதல்ல எத்தனை போட நெனச்சீங்க சார்?”

“ஒன்பது.”

தகட்டைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: “அப்ப எம் பொண்ணு உங்களவிட நல்லாப் பாக்குதுன்னு சொல்லுங்க.”

மாணவியிடம் தோற்றுவிட்டு, பெரம்பலூர் பஸ்ஸில் நின்றுகொண்டே சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போகிற பிழைப்பு எங்களுடையது.