அவள் பெயரில் ஓடிய வேலை

அவள் இறந்த பதினோராம் நாள், அவளுடைய வேலை வரிசையில் மறுபடி முன்னுக்கு வந்து ஓடத் தொடங்கியது. விருதுநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, திரையில் நான் அதைப் பார்த்தேன்.

நாங்கள் இருவரும் ஒரே ஆய்வகத்தில் படித்தவர்கள். எங்கள் வீடு வத்தல் மண்டி வைத்திருந்த வீடு. அவளுக்கு மல்லாங்கிணறு பக்கம் ஒரு கிராமம்; அப்பா இல்லை, அம்மா மத்தாப்புக் கம்பெனியில் வேலை. பல்கலைக்கழகத்தில் ஓர் அறை நிறையக் கணினிகளை அடுக்கி ஒன்றாக இணைத்திருந்தார்கள். சூப்பர் கம்ப்யூட்டர் என்பார்கள். கணக்கை எழுதி அனுப்பினால் அது வரிசையில் நிற்கும்; அப்படி அனுப்புவதைத்தான் வேலை என்போம். ஊரிலிருந்தபடியே பட்டியலைப் பார்க்கலாம்: நம் பெயருக்கு நேரே 'க்யூ' என்ற எழுத்து இருந்தால் காத்திருக்கிறது, 'ஆர்' இருந்தால் ஓடுகிறது. எந்த வேலையும் இரண்டு நாளுக்கு மேல் ஓடக் கூடாது என்பது விதி. அதனால் அவள் தன் பெரிய கணக்கைத் துண்டுகளாக வெட்டி, ஒரு துண்டு முடிந்ததும் அதுவே அடுத்த துண்டை வரிசையில் போடும்படி எழுதி வைத்திருந்தாள்.

ஆய்வின் கடைசி வருடம். நான் வீட்டிலிருந்து ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தேன். அவள் லீவுக்கு ஊருக்கு வந்த இடத்தில் காய்ச்சலில் படுத்தாள். மூளைக்காய்ச்சல் என்று பிறகுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது பாஸ்வேர்டை என் கையில் எழுதிக் கொடுத்தாள்.

"நா வர்ற வரைக்கும் பாத்துக்கிறியா?"

"பாத்துக்கிறேன்டி. நீ கண்ண மூடு" என்றேன். அவள் பேசிக் கேட்டது அதுதான் கடைசி.

காரியம் முடிந்த மறுவாரம், ஞாயிற்றுக்கிழமை, அவள் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஹாஸ்டலில் மகளுடைய சாமான் ஏதும் இருக்கிறதா என்று கேட்கத்தான் வந்தாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்த நான் வாய் தவறி, "அவ போட்ட கணக்கு மட்டும் இன்னும் ஓடிக்கிட்டிருக்கும்மா" என்றேன்.

"எங்கன ஓடுது?"

கூட்டிக்கொண்டு போனேன். திரையில் அவள் பெயர் இருந்த வரியைக் காட்டினேன். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. விரலை அந்த வரியின் மேல் வைத்தாள். எத்தனை கழுவியும் போகாத வெள்ளிப் பொடி அவள் நகக்கண்ணில் மினுங்கியது.

"இது எம் மக பேரா?"

"ஆமாம்மா."

"ஓடுதுன்னா, அவ போட்டபடியேவா ஓடுது? வேற யாரும் கை வைக்கலையே?"

"யாரும் தொடலம்மா."

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்தாள். நான் பட்டியலைத் திறப்பேன். மகள் பெயரின் வடிவத்தை இப்போது அவளே கண்டுபிடித்துவிடுவாள். 'க்யூ' இருந்தால், "நிக்கிறாளாக்கும்" என்பாள். 'ஆர்' இருந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பாள். என் வேலை பல நாட்கள் அவளுடையதற்குப் பின்னால் நின்றது. செத்துப்போனவள் எனக்கு முன்னால் நின்றாள்.

ஒரு ஞாயிறு, கம்ப்யூட்டர் அறைப் பொறுப்பாளர் என் செல்போனில் கூப்பிட்டார். இறந்துபோன மாணவியின் வேலையை நிறுத்திவிடலாமா என்று கேட்டார். ஓடுகிற வேலையை நிறுத்துவதை நாங்கள் கொல்வது என்றுதான் சொல்வோம். "சார், கொன்னுடாதீங்க சார். முடியட்டும்" என்றேன். திரும்பினால் அம்மா எழுந்து நின்றிருந்தாள்.

"யாரத் தாயி கொல்லப் போறாக?"

எப்படியோ விளக்கி உட்காரவைத்தேன். அவர் விட்டுவிட்டார்.

கடைசித் துண்டும் ஒரு நாள் முடிந்தது. சனிக்கிழமை பார்த்தேன், பட்டியலில் அவள் பெயர் இல்லை. மறுநாள் அம்மா வருவாள். என்ன நினைத்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவள் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போய், முடிந்துபோன அதே துண்டை மறுபடி வரிசையில் நிறுத்தினேன். அடுத்த வாரமும். அதற்கு அடுத்த வாரமும்.

பொறுப்பாளர் கண்டுபிடித்துவிட்டார். "நீதானேம்மா?" என்றார். நான் அழுதேன். அவர் திட்டவில்லை. "மத்தவங்களும் காத்துட்டிருக்காங்கல்ல" என்று மட்டும் சொல்லி, அந்த வாரக் கடைசியில் அவள் பெயரிலிருந்த பயனர் கணக்கை மூடிவிடுவதாகவும், வேண்டியதை அதற்குள் எடுத்துக்கொள்ளும்படியும் சொன்னார்.

ஞாயிறு வரை பொறுக்கவில்லை. கம்பெனி வேன் இறக்கிவிடும் நேரத்துக்கு அம்மாவின் ஊருக்கே போனேன். "மூணு வாரமா நா பொய் சொன்னேம்மா. அது எப்பவோ முடிஞ்சிருச்சு."

"தெரியும் தாயி" என்றாள். "மூணு வாரமா நீ எம் மொகத்தப் பாக்கலயே." தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். "அது கெடக்கட்டும். அவ நெனச்ச மாதிரி வந்துச்சா? அதச் சொல்லு."

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வாரமும் நான் அந்த ஓர் எழுத்தை மட்டுமே பார்த்திருந்தேன். கணக்கின் விடையைத் திறந்து பார்க்கவே இல்லை.

மறுநாள் திறந்தேன். முதல் இரண்டு துண்டுகள் சரியாக இருந்தன. மூன்றாவதில் எங்கோ ஓர் எண் தாறுமாறாக ஏறி, அதற்குப் பிறகு எண் இருக்க வேண்டிய இடங்களிலெல்லாம் 'எண் அல்ல' என்பதைக் குறிக்கும் மூன்று எழுத்துகள். வரி வரியாக, பக்கம் பக்கமாக. அடுத்த துண்டு அதையே வாங்கி அதையே எழுதியிருந்தது, அதற்கடுத்ததும். அது கெட்ட தேதியைப் பார்த்தேன். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம். பார்த்துக்கொள்கிறேன் என்று நான் சொன்னதற்கு மறுநாள். அன்றைக்கு ஒருமுறை திறந்திருந்தால், நிறுத்திச் சரிசெய்து மறுபடி ஓடவிட்டிருக்கலாம்.

ஞாயிறு அம்மா வந்தாள்.

"நல்லா வந்திருக்கும்மா" என்றேன், அவள் முகத்தைப் பார்த்து. "அவ சொன்ன மாதிரியே."

அவளும் என் முகத்தைப் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியாது. "சரி தாயி. இனி நா வரல. நீயும் ஓம் படிப்பப் பாரு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறப் போனாள்.

அவள் வரவில்லை. நான் மட்டும் ஆய்வேடு முடியும்வரை ஒவ்வொரு ஞாயிறும் பிரவுசிங் சென்டருக்குப் போய், அவள் பெயர் இல்லாத அந்தப் பட்டியலைத் திறந்து, கடைசி வரி வரைக்கும் படித்துக்கொண்டிருந்தேன்.