மாரியப்பன் அண்ணனும் அந்த ஸ்காட்லாந்து தீவும்

மாரியப்பன் அண்ணன் இறந்துவிட்டார். நேற்று வேலை முடிந்து விஸ்வநத்தம் பஸ் ஸ்டாப்பில் நின்றபோது நெஞ்சுவலி...

கம்பெனி ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் சிரிக்கிறார். அந்த போட்டோ நான் எடுத்தது. எங்கே எடுத்தேன் என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் பட்டாசு கம்பெனியில் அவர் ஃபோர்மேன், நான் சேல்ஸ். ஒரு வருஷம் வடநாட்டு டீலர்களை முதலாளி கப்பல் டூர் கூட்டிப் போனார். கூடமாட உதவிக்கு நாங்கள் இரண்டு பேர்.

அன்று ஸ்காட்லாந்தில் ஒரு தீவு. கப்பல் தள்ளி நிற்க, சின்ன போட்டில் கரைக்குப் போனோம்.

தண்ணீர் ஓரமாக வரிசையாய் வீடுகள்... சிவப்பு, மஞ்சள், நீலம், ரோஸ். லேசான தூறல்.

"ஏயப்பா... நம்ம கிஃப்ட் பாக்ஸை அடுக்கி வச்ச மாதிரில்ல இருக்கு" என்றார் அண்ணன்.

அவர் மனைவி செல்வி அக்காவுக்கும் எங்கள் கம்பெனியில்தான் வேலை. பேக்கிங். அக்காவிடம் காட்ட வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் நின்று போட்டோ எடுக்கச் சொன்னார்.

ஒரு கடையில் கம்பளிச் சால்வை பார்த்தார்.

"நம்மூரு வெயிலுக்கு இது எதுக்குண்ணே?"

"ஏசி பஸ்ல போகையில போத்திக்கிடட்டும் தம்பி. என்னைக்காவது போவோம்ல."

சிவப்பா நீலமா என்று குழம்பினார். முதலாளி பக்கத்தில் வந்து நின்றார்.

"நீலத்தை எடுலே மாரி. செல்விக்கு எடுப்பா இருக்கும்."

சாயங்காலம் கப்பல் கிளம்பியது. தீவு கண்ணுக்கு மறைந்த பிறகு முதலாளி எங்களை ஓரமாகக் கூப்பிட்டார். ஷெட்டில் வெடி விபத்து. செல்வி அக்கா போய்விட்டார்.

அண்ணன் கையில் சால்வைக் கவர்.

"எப்ப போன் வந்துச்சு அண்ணாச்சி?"

"காலையில. கரைக்கு இறங்குறதுக்கு முந்தி."

முதலாளியே மேலே பேசினார்.

"டீலருக அம்புட்டு பேரும் இருக்காக. அங்கன வச்சுச் சொன்னா நீ கூப்பாடு போடுவ, ஆர்டர் பூராம் போயிரும். சொல்லியிருந்தா மட்டும் பறந்தா போயிருப்ப?"

"கடையில வச்சு அவ பேரைச் சொன்னீகளே அண்ணாச்சி..."

அவ்வளவுதான் கேட்டார்.

அடுத்த துறைமுகத்தில் இறங்கி, பிளைட் மாறி மாறி அவர் ஊர் வந்து சேர்வதற்குள் அக்காவை எடுத்துவிட்டார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததுமே முதலாளி ஆள் அனுப்பினார். சீசன் நேரம், லோடு நிற்கிறது என்று. அண்ணன் போனார். மகள் படித்துக்கொண்டிருந்தாளே...

ஒரு தடவை டீக்கடையில் கேட்டேன். "எப்படிண்ணே அவரு மூஞ்சில முழிக்கிறீக?"

"குனிஞ்சு வேலை பார்க்குறவனுக்கு மூஞ்சி எங்க தம்பி தெரியுது" என்றார்.

இப்போது அவர் வீட்டு வாசலில் இருந்துதான் இதை டைப் செய்கிறேன். முதலாளி மாலையோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். மதுரையில் மீட்டிங்காம். சீக்கிரம் எடுக்கச் சொல்கிறார்.

மகள் பெங்களூரில் இருந்து வந்துகொண்டிருக்கிறாள். அவள் முகம் பார்க்காமல் எடுக்க விடமாட்டோம் என்று சொல்லிவிட்டோம்.

மெதுவாப் போங்கண்ணே.