பரிசலில் எடுத்த சேவ் பட்டன் வீடியோ

1. ஒரே பால் ரெண்டான கதை

காலையில் ஆறரை மணிக்கு என் போன் அடித்தால் எங்கேயோ பால் திரிந்துவிட்டது என்று அர்த்தம். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அப்படித்தான். ஒரு தனியார் பால் கம்பெனியில் ஃபீல்டு ஆபீசராக இருந்தேன். கடத்தூர், காரிமங்கலம், பாப்பாரப்பட்டி சுற்றுவட்டார பால் சென்டர்கள் என் பொறுப்பு. கம்பெனி பேரைச் சொல்லமாட்டேன். ரிடையர் ஆன பிறகு எதற்கு வம்பு.

ஏஜென்ட்டுகள் எல்லாரும் இனிமேல் நோட்டில் எழுத வேண்டாம், போனில் ஆப்பில் போடுங்கள் என்று கம்பெனி சொன்ன நாளிலிருந்து அந்த ஆறரை மணி போனுக்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. எடுத்தால் ஒரே பல்லவிதான். சார், சுத்திக்கினே இருக்குதுங்க.

இந்த வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு ஊர் ஒரு சென்டர் இருக்கும். மாடு வைத்திருப்பவர்கள் பாலைக் கொண்டுவந்து ஊற்றுவார்கள். ஏஜென்ட் சாம்பிள் எடுத்து மெஷினில் வைத்தால் பாலில் கொழுப்பு எவ்வளவு, மற்ற சத்து எவ்வளவு என்று ஃபேட், எஸ்.என்.எஃப். இரண்டும் வரும். அதை லிட்டரோடு சேர்த்து ஆப்பில் போட்டு சேவ் அமுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் நம் மலையோர ஊர்களில் சிக்னல் வரும், போகும், அதன் இஷ்டம். சேவ் அமுக்கியதும் திரையில் ஒரு வளையம் சுற்ற ஆரம்பிக்கும். எதிரே தூக்குப்போசியோடு வரிசை நிற்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டும் என்று ஒரு அம்மா அவசரப்படுத்துகிறாள். ஏஜென்ட் என்ன செய்வார்? மறுபடி அமுக்குவார். அப்புறம் இன்னொரு தடவை. சிக்னல் வந்த உடனே ஒரே பால் ரெண்டாக, மூன்றாக ஏறிவிடும். வண்டியில் வரும் கேனில் அவ்வளவு பால் இருக்காது. குளிரூட்டும் இடத்தில் இருப்பவன் நேராக ஏஜென்ட்டுக்குப் போன் போட்டு, மீதிப் பாலை எங்கே வித்தே என்று கேட்பான்.

கடத்தூர் பக்கம் மாதம்மா என்று ஒரு ஏஜென்ட். வாய் கொஞ்சம் நீளம், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளமாட்டாள். அவளைத் திருடி என்கிற மாதிரி ஒருத்தன் பேசிவிட்டான். நான் சமாதானம் சொல்லப் போனேன். அழுது முடித்திருந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"எங்கூரு மாடு ஒரே வேளையில ரெண்டு தடவ கறக்குதுன்னு உங்க போனு காட்டுதுங்க சார். அந்த மாடு யாரு வூட்டுல கட்டியிருக்குதுன்னு கேட்டுச் சொல்லுங்க, நானும் ஒரு தடவ பாத்துக்கறேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

2. ஸ்டெல்லா

இதைச் சரிசெய்யத்தான் கம்பெனி ட்ரெய்னர் வைத்தது. எங்கள் ஏரியாவுக்கு வந்தவள் ஸ்டெல்லா. இருபத்தாறு வயசு. அப்பா மாங்கூழ் ஃபேக்டரியில் சீசன் வேலை. அம்மாவுக்கு ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது, இன்னொன்றிலும் அரைகுறைதான். அந்த அம்மாவை விட்டுவிட்டுப் போக முடியாது என்றுதான் ஓசூரில் கிடைத்த வேலையைக்கூட வேண்டாம் என்றிருந்தாள்.

ஆனால் எங்கள் கம்பெனியில் ட்ரெய்னர் வேலை கான்ட்ராக்ட். பதினோரு மாசத்துக்கு ஒரு தடவை புதுப்பிப்பார்கள். இந்த வருஷம் டபுள் என்ட்ரி, அதாவது ஒரே பால் ரெண்டாக ஏறுவது, குறைந்தால் பர்மனென்ட் பண்ணச் சொல்லி எழுதுகிறேன் என்று எங்கள் மேனேஜர் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். நல்ல மனுஷன்தான். வாக்குக் கொடுக்கும்போது மனசாரத்தான் கொடுப்பார்.

அவள் பாடம் நடத்துகிற விதத்தைப் பார்க்க வேண்டும். தெலுங்கு பேசுகிற வீடுகளில் தெலுங்கில் ஆரம்பிப்பாள். கர்நாடகா எல்லைப் பக்கம் போனால் உடைந்த கன்னடத்தில் பேசி அவர்களைச் சிரிக்கவைத்து, அந்தச் சிரிப்பிலேயே ரெண்டு விஷயம் சொல்லிக்கொடுத்துவிடுவாள். ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போவாள். ஆனாலும் டபுள் என்ட்ரி குறையவில்லை. அவள் எதிரில் இருக்கும்வரை சரியாகச் செய்வார்கள். ஸ்கூட்டி கிளம்பியதும் பழையபடி அமுக்கு அமுக்கு என்று அமுக்குவார்கள். ஒரு நாள் என்னிடம், "சார், வெரல கட்டிப்போட ஏதாச்சும் வழி இருக்குதுங்களா?" என்று கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள், ஆனால் கண் கலங்கியிருந்தது. கான்ட்ராக்ட் முடிய அதிக மாசம் இல்லை.

3. ஒகேனக்கல்

வருஷத்துக்கு ஒரு தடவை ஏஜென்ட்டுகளை டூர் கூட்டிப்போவது எங்கள் கம்பெனி வழக்கம். அந்த வருஷம் ஒகேனக்கல். ஆனால் ஹெட் ஆபீஸ் டூர் என்றால் பில் பாஸ் பண்ணாது, ட்ரெய்னிங் என்றால் பண்ணும். அதனால் வேனில் 'முகவர் பயிற்சி முகாம்' என்று ஒரு பேனரைக் கட்டிக்கொண்டு போனோம். பேனர் இருந்தால் போட்டோ வேண்டும், வீடியோ வேண்டும். மேனேஜர் ஸ்டெல்லாவைப் பார்த்து, ஏதாவது ஒரு ட்ரெய்னிங் வீடியோ எடுத்துடும்மா, கணக்குக்கு ஆவும் என்றார்.

மரத்தடியில் உட்காரவைத்து ஆரம்பித்தாள். யார் கேட்பார்கள்? பக்கத்தில் மீன் வறுபடுகிறது. பாதிப் பேர் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கு நிற்கிறார்கள். பத்து நிமிஷத்தில் விட்டுவிட்டாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு பரிசல் ஏறினோம். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டதிலிருந்தே மாதம்மாவுக்கு உதறல். கரையை விட்டு நகர்ந்ததும் பரிசல்காரர் வழக்கமாகச் செய்வதுபோல ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். மாதம்மா சாமி பேரையெல்லாம் சொல்லிக்கொண்டு எழுந்துவிட்டாள். பரிசல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"யக்கா, சுத்தும்போது எழுந்திரிக்காதீங்க. கம்முனு உக்காருங்க. அதுவா நிக்கும்," என்று அதட்டினார் பரிசல்காரர்.

ஸ்டெல்லா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "சார், கேட்டீங்களா? இவுரு என்ன சொன்னாருன்னு கேட்டீங்களா?" அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பரிசலைக் கரையோரம், முழங்கால் தண்ணீருக்குத் திருப்பச் சொன்னாள். போனை என் கையில் திணித்துவிட்டு டைரக்டர் ஆகிவிட்டாள்.

பரிசல்தான் ஆப். என் வெள்ளைத் துண்டைப் போர்த்திக்கொண்ட மாதம்மாதான் பால். கரையில் நிற்கும் ஏஜென்ட்டுகள் ஒரே குரலில் "சேவ்" என்று கத்தினால் பரிசல்காரர் சுற்ற ஆரம்பிக்க வேண்டும். சுற்றிக்கொண்டிருக்கும்போதே யாராவது மறுபடி "சேவ்" என்றால் இன்னொரு பால் ஏறும். அந்த இரண்டாவது பால் யார் என்றால் எங்கள் மேனேஜர். அவரும் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு ஓடிவந்து ஏறினார். மனுஷன் நல்ல கனம். பரிசல் சாய்ந்து, மேனேஜர் தண்ணீரில் உட்கார்ந்தார். கரையில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பரிசல்காரர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

முதல் தடவை எடுத்ததில் என் கட்டைவிரல்தான் முழுக்கத் தெரிந்தது. இரண்டாவது தடவை பட்டனையே அமுக்கவில்லை. ஸ்டெல்லா என்னை ஒன்றும் சொல்லவில்லை, மேனேஜரை மறுபடி தண்ணீரில் உட்காரவைத்தாள். மூன்றாவது தடவை சரியாக வந்தது. கடைசியில் அவள் கேமராவைப் பார்த்து, சுத்தும்போது என்ன பண்ணணும் என்று கேட்க, எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள்: "கம்முனு உக்காரணும்!"

என் வேலைக்காலத்தில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு வேலை நடந்து நான் பார்த்ததில்லை.

4. கை தட்டல்

வீடியோவை வாட்ஸாப் குரூப்பில் போட்டோம். ஒரே வாரத்தில் என் காலைத் தூக்கம் திரும்பி வந்தது. சென்டர்களில் வளையம் சுற்றினால் ஏஜென்ட் கையைக் கட்டிக்கொள்வார், வரிசையில் நிற்பவர்களே "கம்முனு உக்காரு" என்பார்கள். மாதம்மா எனக்குப் போன் பண்ணி, இன்னிக்கு அமுக்காம உக்காந்திருந்தேனுங்க, அதுவா நின்னுடுச்சு என்று பிள்ளை முதல் மார்க் வாங்கிய மாதிரி சொன்னாள். மாசக் கடைசியில் எங்கள் ஏரியாவில் டபுள் என்ட்ரி தேடினாலும் கிடைக்கவில்லை.

ஹெட் ஆபீஸ் ஆட்கள் வந்தார்கள். மீட்டிங் ஹாலில் பெரிய திரையில் வீடியோ ஓடியது. மேனேஜர் மைக்கைப் பிடித்தார். ஸ்டெல்லாவை எழுந்து நிற்கச் சொன்னார். அவளைத் தூக்கிவிட வேண்டும் என்ற ஆசையில்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "சார், இந்தப் பொண்ணு எடுத்த இந்த ஒரு வீடியோ பத்து ட்ரெய்னருக்குச் சமம்," என்றார்.

எல்லாரும் கை தட்டினோம். நான்தான் கடைசியாக நிறுத்தினேன். ஸ்டெல்லா அன்று எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தாள். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, பர்மனென்ட் ஆர்டர் கையில் வந்ததும் சொல்லிக்கொள்கிறேன் என்றாள்.

5. ஆர்டர்

ஆர்டர் வந்தது. பத்து ட்ரெய்னருக்குச் சமமான வீடியோ இருக்கும்போது ட்ரெய்னர் எதற்கு என்று ஹெட் ஆபீசில் யாரோ யோசித்திருக்கிறார்கள். எல்லா ஏரியாவிலும் அந்தப் போஸ்ட்டையே எடுத்துவிட்டார்கள். பர்மனென்ட்டும் இல்லை, கான்ட்ராக்ட்டும் இல்லை.

மேனேஜர் என்னையும் ரூமுக்கு வரச்சொன்னார். தனியாகச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. மேஜைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார். ஸ்டெல்லா அழவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தேவலை. கணக்குப் புரியாத பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டாள்:

"அப்ப நான் சரியா செஞ்சதுனாலதான் வேலை போச்சுங்களா சார்?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

நான் ஹெட் ஆபீசுக்கு எழுதினேன். வீடியோ தெலுங்கில் பேசாது, சந்தேகம் கேட்டால் பதில் சொல்லாது என்று எழுதினேன். நேரில் போயும் சொன்னேன். உக்காருங்க, டீ சாப்பிடுங்க என்றார்கள். சாப்பிட்டுவிட்டு வந்தேன். அந்த டீயை நினைத்தால் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. ஸ்டெல்லா ஓசூரில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்தாள். அப்பா சீசன் வேலைக்குப் போய்விடுவார் என்பதால் அம்மாவை ஊரில் சித்தி வீட்டில் விட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தால் வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

ஆனால் ஏஜென்ட்டுகள் அவளை விடவில்லை. சேவ் பட்டன் அல்லாமல் ஆப்பில் ஆயிரம் தொல்லை உண்டே. ஃபேட் தப்பாக ஏறினால், புது மாட்டுக்காரரைச் சேர்க்க வேண்டும் என்றால், காலையில் அவளுக்குத்தான் போன். கடைக்குப் போகும் வழியில் பஸ்ஸில் நின்றுகொண்டே சொல்லிக்கொடுப்பாளாம். மாதம்மாதான் என்னிடம் சொன்னாள். நாலு நல்ல வார்த்தை பேச அவளுக்கும் ஆள் வேணுமில்லீங்களா, அதனால சின்னச் சந்தேகம்னாலும் கூப்பிட்டுடுவேன் என்றாள்.

நான் ரிடையர் ஆன பிறகு ஆப்பை மொத்தமாக மாற்றிவிட்டார்கள். பழைய வீடியோ உதவவில்லை. எல்லா ஊரிலும் பழையபடி குழப்பம். புது மேனேஜர் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு, ஒரே ஒரு நாள் வந்து இன்னொரு வீடியோ எடுத்துக் கொடும்மா என்று கேட்டிருக்கிறார். அவள் எனக்குப் போன் பண்ணினாள். வேலை தருவார்களா என்று கேட்டாயா என்றேன். கேட்டாளாம், அப்புறம் பார்க்கலாம் என்றார்களாம். அப்படியானால் எழுத்தில் வாங்காமல் போகாதே என்றேன்.

ஏஜென்ட் அக்காக்கள் தினமும் திட்டு வாங்குகிறார்கள், அதுவும் மாதம்மா அக்காவை மறுபடி திருடி என்று சொல்லிவிட்டார்களாம் என்றாள். போகத்தான் முடிவு பண்ணியிருந்தாள், அது குரலிலேயே தெரிந்தது. பிறகு கேட்டாள்:

"சார், இந்தத் தடவ நல்லா எடுக்கட்டுங்களா, சுமாரா எடுக்கட்டுங்களா?"

எனக்குக் கீழே வேலை பழகின அத்தனை பேருக்கும் வேலையை நல்லா செய், மற்றதெல்லாம் தானாக வரும் என்று சொல்லியே வளர்த்தவன் நான். அன்று அதைச் சொல்ல வாய் வரவில்லை. இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு அந்தப் பாதியை மட்டும் மாற்றிச் சொல்கிறேன். வேலையை நல்லா செய்யுங்கள். ஆனால் மற்றது தானாக வராது. மேனேஜர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், செய்து கொடுப்பதற்கு முன்னால் கேட்டு, எழுதி, கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். கை தட்டலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள்.

அன்று போனில் அவளே சிரித்துவிட்டாள். சுமாராக எடுக்க எனக்குத் தெரியாதே சார் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போய் எடுத்துக் கொடுத்தாள். மாதம்மா எனக்கு அனுப்பினாள், பார்த்தேன். முதல் வீடியோவைவிட நன்றாக இருந்தது. ஒருத்தருக்கும் ஒரு சந்தேகமும் வராத மாதிரி எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு வேலையும் வரவில்லை, காலையில் ஏஜென்ட்டுகளிடமிருந்து அவளுக்குப் போன் வருவதும் நின்றுவிட்டதாம்.