ஹ்விடோவ்ரேயில் விடியும்வரை

ஒசாகாவில் எனக்கும் என் தங்கைக்கும் நான்கு நாள். அதில் முதல் நாளே வெள்ளிக்கிழமை. டிக்கெட் எடுத்தவள் நான். மலிவாகக் கிடைத்தது, எடுத்தேன். கிழமை பார்க்கவில்லை. அவள் விமானத்தில் ஏறி பெல்ட் போட்ட பிறகுதான் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "அக்கா, வெள்ளியெல்லோ?" என்றாள்.

"வெள்ளி எண்டால் என்ன? அங்கை மரக்கறியே இல்லையோ?" என்றேன். அந்த ஊரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

அவள் வெள்ளிக்கிழமைகளில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடுவதில்லை. முன்பு தொட்டவள்தான். ஹ்விடோவ்ரேயில் இருக்கிற அவளுடைய மகளுக்கு இரண்டு தடவை வயிற்றில் பிள்ளை தங்கவில்லை. மூன்றாவது தங்கியதும், பிறக்கும்வரை ஒரு வெள்ளியும் தவறாமல் விரதம் என்று நேர்த்தி வைத்தாள். இப்போது ஏழாம் மாதம். மகளுக்கு இது தெரியாது. தெரிந்தால் டேனிஷில் ஒரு பிரசங்கம் வைப்பாள். எனக்கும் இதில் நம்பிக்கை இல்லை. இங்கே ஒருத்தி மீனை விட்டால் அங்கே ஒரு பிள்ளை தங்குமா? இதை அவளிடமே பல தடவை கேட்டிருக்கிறேன். அவள் காதில் போட்டதில்லை.

காலையில் கோட்டைக்குப் போனோம். வெளியே இருந்து பார்க்க வடிவு. உள்ளே போனால் லிஃப்ட். பழையது எரிந்துபோய், இது கொங்கிரீட்டில் திரும்பக் கட்டினதாம். இதைப் பார்க்கவா டென்மார்க்கில் இக்காஸ்டில் இருந்து இவ்வளவு தூரம் வந்தோம் என்று நான் கத்தினேன்.

"எங்கடை ஆக்கள் அங்கை பழைய தொழிற்சாலைக்குள்ளை கோயிலே வைச்சிருக்கினம். நீ கோட்டையிலை லிஃப்ட் எண்டு சண்டை பிடிக்கிறாய்" என்றாள்.

பன்னிரண்டு மணிக்கு வாய்க்கால் ஓரத்துச் சாப்பாட்டுத் தெருவுக்கு வந்தோம். அதுவரை அவள் சாப்பிட்டது ஒரு வாழைப்பழம். கடைகளுக்கு மேலே ஆள் அளவை விடப் பெரிய பொம்மை நண்டு ஒன்று காலை ஆட்டியது. கீழே எல்லாக் கடையிலும் ஆக்டோபஸ், இறால், கணவாய். அவள் கடைக்குக் கடை நின்று, "இதிலை மச்சமோ?" என்று கேட்டாள். எல்லாவற்றிலும் மச்சம்.

கடைசியில் தலையில் துவாய் கட்டிய ஒருவன் இரும்புத் தட்டில் முட்டைக்கோவா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தான். மாவைவிடக் கோவாதான் கூட. நான் போனில் டேனிஷில் பேசினேன், போன் அதை அவனுக்கு ஜப்பானிய மொழியில் சொன்னது. இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம். அவன் நாலு தடவை தலையாட்டி, இறாலை ஒதுக்கி வைத்துவிட்டுச் சுட்டுத் தந்தான். தெருவோரத்து வாங்குப் பலகையில் இருந்து சாப்பிட்டோம். அவள் பாதி முடித்துவிட்டு நிறுத்தினாள்.

"அக்கா, மாசிக் கருவாடு மணக்குது."

"பக்கத்துத் தட்டிலை இருந்து வருது. சாப்பிடு."

"மாசிச் சம்பல் மணம் எனக்குத் தெரியாதோ? போய்க் கேள்."

போய்க் கேட்டேன். அவன் சந்தோசமாக ஒரு பெரிய பானையைத் திறந்து காட்டி நெடுநேரம் பேசினான். போனில் டேனிஷில் வந்தது இதுதான்: மாவு குழைப்பது கருவாடு அவித்த தண்ணீரில், ருசியே அதில்தான் இருக்கிறது. மீன் வேண்டாம் என்றதை அவன் மீன் துண்டு வேண்டாம் என்று எடுத்திருக்கிறான். ஏசவும் முடியவில்லை, அவ்வளவு மரியாதையாகக் குனிந்தான்.

கடையிலிருந்து வாங்குக்குப் பத்து அடி. பொய் சொல்வது என்று அந்தப் பத்து அடிக்குள் முடிவெடுத்தேன். எனக்குப் பொய் வராது. கலியாணவீட்டில் பொம்பிளை எப்படி என்று கேட்டால், களைத்துப்போய் நிற்கிறாள் என்று சொல்கிற ஆள் நான்.

"முழுக்க மரக்கறியாம்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அக்கா, நீ நல்ல சேதியையும் மூஞ்சையை நீட்டிக்கொண்டுதான் சொல்லுவாய். இண்டைக்குச் சிரிச்சுக்கொண்டு வாறாய். மீன்தானே?"

"மீன் தண்ணி. துண்டு இல்லை."

அவள் அழுதிருந்தால் ஏசியிருப்பேன். அழவில்லை. தட்டை மடியில் வைத்துவிட்டுக் கையைத் தன் வயிற்றில் வைத்தாள், பிள்ளை அங்கேதான் இருக்கிறதுபோல. எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. டிக்கெட்டும் நான், ரொட்டியும் நான்.

கொஞ்ச நேரம் கழித்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மகள் நித்திரையாக இருக்கும்போது அவளுக்குப் போன் எடுத்துவிடக்கூடாது என்று கடிகாரத்தை டென்மார்க் நேரத்திலேயே விட்டிருந்தாள்.

"அங்கை இப்ப நாலரை" என்றாள். "அக்கா, விரதம் ஆருக்கு?"

"உன்ரை பேரப்பிள்ளைக்கு."

"பிள்ளை எங்கை?"

"ஹ்விடோவ்ரேயிலை, தாயின்ரை வயித்துக்கை."

"அங்கை இன்னும் விடியேல்லை. விடியாமல் எப்பிடி வெள்ளி வரும்? பிள்ளைக்கு இன்னும் வியாழன்."

இவளோடு நாற்பது வருடமாகச் சாத்திரத்துக்குச் சண்டை பிடிக்கிறேன். அன்று மட்டும் அவள் மடியில் இருந்த தட்டை எடுத்துக் கையில் கொடுத்தேன். அவள் மிச்ச ரொட்டியை முடித்தாள். பிறகு எழும்பிப் போய் ஆக்டோபஸ் உருண்டை எட்டு வாங்கி வந்து வாய் வேக வேகத் தின்றாள். அதற்குப் பிறகு இறால். பிறகு சுட்ட கணவாய்.

"மெல்லத் தின்னடி, விக்கப் போகுது."

"விடியப் போகுது அக்கா" என்றாள், பட்டப்பகலில்.

போனில் பார்த்தேன். நவம்பர் மாதம், ஹ்விடோவ்ரேயில் சூரியன் உதிப்பது ஏழரைக்கு. ஒசாகாவில் பிற்பகல் மூன்றரை. மூன்று இருபதுக்கு அவள் வாயைக் கொப்பளித்துக் கைப்பையில் இருந்த திருநீற்றைப் பூசினாள். அந்தக் கணக்கின்படி வெள்ளி அடுத்த நாள் மூன்றரைக்குத்தான் முடியும். அதை நான் சொல்லவில்லை, அவளே சொன்னாள்.

மறுநாள் காலை எட்டரைக்கு ஹோட்டலில் சாப்பாடு. அவள் வெறுஞ்சோறும் தோடம்பழமும் எடுத்துக்கொண்டு போய் இருந்தாள். நான் சுட்ட மீன் தட்டுக்கு முன்னால் இடுக்கியோடு நின்றேன். எனக்கு நம்பிக்கை இல்லை, திரும்பவும் சொல்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்தால் இவள் என்னை ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். அதுதான் என்னால் தாங்கமுடியாதது. இடுக்கியை வைத்துவிட்டு நானும் வெறுஞ்சோறு எடுத்தேன்.

அவள் என் தட்டை எட்டிப் பார்த்தாள். "என்ன அக்கா, மீன் முடிஞ்சுதோ?"

"எனக்குப் பசியில்லை."

"ஓமோம். பசியில்லாத ஆளுக்கு அவ்வளவு சோறு."

"வாயை மூடிக்கொண்டு சாப்பிடு."

தன் தோடம்பழத்தில் பாதியை என் பக்கம் தள்ளிவிட்டாள். மூன்றரைக்கு இன்னும் ஏழு மணித்தியாலம் இருந்தது.